பதின்மூன்று எலக்ட்ரான்களை இழந்த இரும்பு

கோடைக்கானல் சூரிய வானாய்வகத்தின் காட்சிக்கூடத்துக்குள் நுழைந்தால் கண்ணுக்கு இருட்டு பழகச் சற்று நேரமாகிறது. வெளியிலிருக்கும் கண்ணாடி திருப்பி அனுப்பும் வெயில், உள்ளே நிறமாலையாகப் பிரிந்து விழுகிறது. “சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நிழல் விழுது” என்றார் ஊழியர். ஒதுங்கி நின்றேன். நிறங்களின் குறுக்கே மெல்லிய கருங்கோடுகள் தெரிந்தன. மஞ்சளில் ஒட்டி நிற்கும் இரண்டும் சோடியம். ஊதாவையும் தாண்டி, பார்வை தோற்றுப்போகும் ஓரத்தில் இருப்பது ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியம். அந்தக் கால்சியம் அயனியின் ஒளியில் மட்டும் சூரியனைப் படமெடுக்கும் வேலை இந்த மலையில் ஒரு நூற்றாண்டைத் தாண்டிவிட்டது.

என் மனத்தில் இருந்த கோடு இங்கே தெரியாது. 530.3 நானோமீட்டரில் வரும் அந்தப் பச்சைக் கோட்டை 1869 முழுச் சூரிய கிரகணத்தில் முதலில் கண்டார்கள். புதிய தனிமம் என்று நம்பி ‘கொரோனியம்’ என்று பெயரும் வைத்தார்கள். 1940களின் தொடக்கத்தில்தான் ஸ்வீடனின் பெங்ட் எட்லேன் விடை சொன்னார்: அது இரும்பு, பதின்மூன்று எலக்ட்ரான்களை இழந்த இரும்பு. மலேசியாவில் இருக்கும் எங்கள் ஆயர் ஈத்தாம் மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். ஆயிரத்துச் சொச்சம் டிகிரி சூளையில் மெருகுக்கு நிறம் தரும் இரும்பு இழப்பது இரண்டு மூன்று எலக்ட்ரான்கள்தான். சூரியனின் கொரோனாவிலோ சுமார் 20 லட்சம் டிகிரி. அங்கே பாய்ந்தோடும் எலக்ட்ரான்கள் மோதி மோதியே இரும்பை உரித்துவிடுகின்றன.

எத்தனை மோதலுக்கு ஒன்று பறிபோகும்? இதைப் பூமியில் எண்ணிப் பார்த்தவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில், 55 மீட்டர் சுற்றளவுள்ள சேமிப்பு வளையத்தில் அதே இரும்பு அயனிகளைச் சுற்றவிட்டு, கூடவே எலக்ட்ரான் கற்றையையும் ஓடவிட்டார்கள். மோதலின் ஆற்றல் 392 எலக்ட்ரான் வோல்ட்டைத் தொடும்வரை அயனி அசைந்துகொடுக்காது. அதைத் தாண்டினால் பதினான்காவது எலக்ட்ரானும் போகும். மின்னூட்டம் கூடிய அயனியைக் காந்தம் அதிகமாக வளைக்கும். அது தடம் மாறி உணர்கருவியில் விழும், எண்ணிக்கையில் ஒன்று கூடும்.

வளையம் எதற்கு? ஏற்கெனவே கிளர்ந்த நிலையில் இருக்கும் அயனி எளிதில் எலக்ட்ரானை விட்டுவிடும், கணக்கு கெட்டுப்போகும். சில நொடிகள் சுற்றவிட்டால் அவற்றில் பெரும்பாலானவை அடங்கிவிடும். அந்தப் பொறுமைதான் இந்த அளவீட்டின் உயிர் என்பேன். முடிவுகள் 2013-ல் வெளிவந்தன.

கோடைக்கானலை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமே ஆதித்யா எல்1 விண்கலத்தின் கொரோனா நோக்கியைச் செய்தது. 2023 செப்டம்பர் 2-ல் புறப்பட்ட அந்தக் கலம் கிரகணத்துக்குக் காத்திராமல் அதே பச்சைக் கோட்டைப் பார்க்கிறது. கோட்டின் ஒளியிலிருந்து வெப்பத்தைக் கணிக்க, கொரோனாவில் இந்த அயனி எவ்வளவு இருக்கும் என்று தெரிய வேண்டும். அதற்கு மோதல் எண்ணிக்கை வேண்டும். இந்த இரும்பு அயனிக்கு அது கிடைத்துவிட்டது. வேறு பல உலோக அயனிகளுக்கு இன்னும் கோட்பாட்டுக் கணக்கை நம்பியே ஓட்டுகிறார்கள்.