சாவா மூவாப் பேராடு

தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளில் ஒரு கணக்கு வருகிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். பெற்றுக்கொண்ட இடையன் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவனுக்குப் பிணை நின்ற உறவினர் பெயர்களும் கல்லில் உண்டு. இப்படி விடப்பட்டவற்றுக்குச் சாசன வழக்கு ‘சாவா மூவாப் பேராடு’. நல்ல சொற்சேர்க்கை. ஆனால் சாகாதது ஆடு அல்ல, எண்ணிக்கை. செத்ததன் இடத்தில் ஒரு குட்டி நிற்கும். விளக்குக்கு வித்தியாசம் தெரியாது. 1014-இல் ராஜராஜன் போன பிறகும் திரும்பி வந்து பார்க்க அவசியமில்லாத ஏற்பாடு.

என்னிடம் இருப்பது ஒரு நாய். 11 வயது, இடது கண்ணில் புரை. பதிலுக்கு நிறுத்த வேறொன்று கிடையாது. 9 நாள் சென்னைப் பயிற்சிக்குப் போக நேர்ந்தபோது தென்காசியில் அதை யாரிடம் விடுவது என்பது பெரிய பிரச்னையாகிவிட்டது. தெருவில் பிரியமுள்ளவர்கள் நிறைய. எனக்குப் பிரியத்தில் அவ்வளவு நம்பிக்கையில்லை. குற்றாலத்தில் குரங்குக்குப் பழம் நீட்டுகிறவர்களுக்கும் பிரியம்தான், சாரல் நிற்கும் வரை.

எதிர்வீட்டு ஆச்சிக்கு நாயைப் பிடிக்காது. படியில் படுத்தால் தண்ணீரை வீசி விரட்டுவாள். ஆனால் அவள் வாசலில் ஐந்தரைக்குக் கோலம் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. அவளைத்தான் கேட்டேன். பணப் பேச்சை எடுத்ததும், “ஏ தம்பி, வாயில்லாச் சீவனுக்குச் சோறு வைக்கத் துட்டா?” என்றாள். பிறகு, “நீ என்னைக்கு வருவேன்னு மட்டும் சொல்லிட்டுப் போ. அது கேக்கும்லா, நான் சொல்லணும்லா.”

திரும்பிய அன்று நாய் அவள் படியில்தான் கிடந்தது. வாலை ஆட்டியது. எழுந்து வர அவசரப்படவில்லை.