கொட்டாங்குச்சியில் வந்த பாயாசம்

மகளுக்கு முதல் சம்பளம் வந்தது. பாட்டியைப் பெரிய ஓட்டலுக்கு அழைத்துப் போயே தீர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். போன ஞாயிறு சென்னை நுங்கம்பாக்கத்தில் ஓர் உணவகத்துக்குப் போனோம். செட்டிநாடு, கொங்கு, நாஞ்சில் நாடு என்று வட்டார வாரியாகத் தமிழ்நாட்டுச் சமையலைப் பரிமாறும் இடம். சுவரில் முறம், மூலையில் உரல். "இதை எதுக்குடா மாட்டி வெச்சிருக்காங்க?" என்றார் அம்மா.

மெனுவில் உப்புக்கண்டம் இருந்தது. ஆட்டுக்கறி, 560 ரூபாய். எங்கள் வீட்டில் உப்புக்கண்டம் என்றால் மாட்டுக்கறிதான். உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, வாசலில் காயப்போடுவார் அம்மா. பள்ளிக்கூடத்துப் பையன்கள் யாரும் அதைப் பார்த்துவிடக் கூடாதே என்று நான் பயந்த நாட்கள் உண்டு.

"மாட்டுக்கறி ஏதாவது இருக்கா தம்பி?" என்று கேட்டேன். பரிமாற வந்தவர் குரலைத் தாழ்த்தி, "இது ஃபேமிலி ரெஸ்டாரண்ட் சார்" என்றார். நாங்களும் குடும்பத்தோடுதான் போயிருந்தோம்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகமே ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்து, அதில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றது. ஆம்பூரில்! இது பாகுபாடு என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது. மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள்.

கடைசியாக இளநீர்ப் பாயாசம் வந்தது. பளபளவென்று தேய்த்த கொட்டாங்குச்சியில். நீட்டிய கையை அம்மா பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கும், சாப்பிடுங்க பாட்டி" என்றாள் மகள்.

"கிளாஸ்ல ஊத்தித் தரச் சொல்லும்மா."

அவளுக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். எங்கள் ஊர் டீக்கடையில் நம் ஆட்களுக்குக் கொட்டாங்குச்சிதான். கூரையில் செருகி வைத்திருப்பார்கள். நாமே எடுத்துக் கழுவி, எட்ட நின்று குனிந்து பிடிக்க வேண்டும். மேலிருந்து டீயை ஊற்றுவார்கள். பெஞ்சில் உட்கார முடியாது. கடையிலும் உணவகத்திலும் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு 1950இலேயே சொல்லிவிட்டது. அம்மா அதற்குப் பிறகு பிறந்தவர்.

மகள் தன் கொட்டாங்குச்சியையும் தள்ளி வைத்துவிட்டாள். இரண்டு கண்ணாடி டம்ளர் வந்தது. அம்மா குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அந்த உணவகத்தாருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. கொட்டாங்குச்சி என்றால் அவர்களுக்கு அழகு மட்டுமே நினைவுக்கு வருகிறது. இந்த நாட்டில் அப்படியும் ஒருவர் வளர முடிகிறது. உரலையும் முறத்தையும் பாரம்பரியம் என்று காட்சிக்கு வைப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்த உரலில் கூலிக்கு நெல் குத்தியவர்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள்? உங்கள் வட்டாரச் சமையலில் அவர்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்?