ஹாரிசன் ஃபோர்டின் தோளும் என் தோளும்

சென்னையில் தோல் ஜாக்கெட் போடத் தோதான இரவுகளை மார்கழியில்தான் தேடிப் பிடிக்க வேண்டும். மற்ற நாட்களில் அதை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறவர் ஒன்று புல்லட் ஓட்டுகிறவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் எண்பதுகளின் தமிழ்ப் படத்து வில்லனாக இருக்க வேண்டும். நான் இரண்டும் இல்லை. ஆனாலும் ஹாலிவுட் பட நாயகன் இண்டியானா ஜோன்ஸின் பழுப்பு நிற ஜாக்கெட் ஒன்று என் அலமாரியில் தொங்குகிறது. வாங்கியதற்கு நியாயம் சொல்லப் போவதில்லை. ஆசைதான். அதைப் பிரித்துத் தைத்ததில்தான் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது.

இந்த ஜாக்கெட்டின் நகலைத் தைத்து விற்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். வாங்கப் போனால் மார்பளவு கேட்பதற்கு முன்பே, எந்தப் படத்து ஜாக்கெட் என்று கேட்கிறார்கள். 1981இல் வந்த ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’கா, 1984இன் ‘டெம்பிள் ஆஃப் டூம்’மா, 1989இன் ‘லாஸ்ட் க்ரூசேட்’டா? அதற்குப் பிறகும் 2008இல் ஒன்று, 2023இல் ஒன்று. சாதாரணமாகப் படம் பார்க்கிறவருக்கு ஐந்திலும் ஒரே ஜாக்கெட்தான். பித்துப் பிடித்தவருக்குக் காலரின் அகலம், பாக்கெட்டின் உயரம், தோலின் மினுமினுப்பு எல்லாம் படத்துக்குப் படம் வேறு. அடுத்த கேள்வி தோலைப் பற்றியது: செம்மறியா, வெள்ளாடா, மாடா, குதிரையா?

நான் முதல் படத்தைச் சொன்னேன். அதற்குச் செம்மறித் தோல்தான் பொருத்தம். அது துணி போலத் துவண்டு விழும்; ஓடினால் உடலோடு ஓடும்; உட்கார்ந்து எழுந்தால் கசங்கிய தடம் தெரியும். சீக்கிரம் கிழியவும் செய்யும். மாட்டுத்தோல் ஆயுசுக்கும் உழைக்கும்தான். ஆனால் புதிதாக இருக்கும்போது அதற்குள் நின்றால் மர பீரோவுக்குள் நிற்பது மாதிரி இருக்கும். புதையல் தேடி ஓடுகிற ஆளுக்கு அது ஆகாது.

முன்னால் ஜிப், அதை மூடுகிற ஒரு பட்டை, சட்டைக் காலர், மூடி வைத்த இரண்டு பெரிய பாக்கெட்டுகள், இடுப்பின் இரண்டு பக்கமும் வளையத்தில் இழுத்து இறுக்குகிற வார்கள். முன்பக்கம் இவ்வளவுதான். எனக்குப் பிடித்தது முதுகுப் பக்கம். கைக்குழியை ஒட்டி இரண்டு நீள மடிப்புகள் இருக்கும். கை தொங்கும்போது மடிப்பு மூடிக்கிடக்கும். கையை முன்னால் நீட்டினாலோ, மேலே தூக்கினாலோ விரிந்து கொடுக்கும். நாயகன் சவுக்கு வீசுகிறவன். அதற்கு ஏற்ற முதுகு வேண்டும் அல்லவா?

முதல் படத்தின் உடைகளை வடிவமைத்தவர் டெபோரா நடூல்மன். பின்னாளில் மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ பாடலுக்கு அந்தச் சிவப்பு ஜாக்கெட்டை வடிவமைத்தவரும் இவரே. அது 2011இல் 18 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இண்டியானா ஜோன்ஸின் ஜாக்கெட் லண்டனில் தைக்கப்பட்டது. புத்தம் புதிதாக வந்த தோலை நடூல்மன், நாயகனாக நடித்த ஹாரிசன் ஃபோர்டின் மடக்குக் கத்தியாலும் கம்பி பிரஷ்ஷாலும் சுரண்டிச் சுரண்டிப் பல வருஷம் உழைத்த ஜாக்கெட்டாக்கினார். நாம் திரையில் பார்க்கிற பழமை ஒருவர் உட்கார்ந்து தேய்த்து உண்டாக்கியது.

வடிவமும் வானத்திலிருந்து குதித்ததில்லை. 1954இல் வந்த ‘சீக்ரெட் ஆஃப் தி இன்காஸ்’ படத்தில் சார்ல்டன் ஹெஸ்டன் ஏறக்குறைய இதே கோலத்தில்தான் பெரு நாட்டு இடிபாடுகளுக்குள் நடமாடுகிறார்: தோல் ஜாக்கெட், தொப்பி, நாலு நாள் தாடி. ‘ரெய்டர்ஸ்’ படக்குழு அந்தப் படத்தைத் திரையிட்டுப் பார்த்ததை நடூல்மனே பிற்பாடு சொல்லியிருக்கிறார். கொஞ்சம் ஹெஸ்டன், கொஞ்சம் அந்தக் காலத்து விமானிகளின் ஜாக்கெட் என்று முன்பே இருந்தவற்றைப் பிரித்துத் தைத்ததுதான் நாம் அசல் என்று கொண்டாடுவது.

அந்த அசலாவது ஒன்றா? சண்டைக் காட்சிகள் நிறைந்த படத்துக்கு ஒரு ஜாக்கெட் போதாது, பல தைத்தார்கள். லாரிக்கு அடியில் இழுபட்டுப் போகிற அந்தப் புகழ்பெற்ற காட்சியில் ஜாக்கெட்டுக்குள் இருந்தவர் டெர்ரி லெனர்ட் என்ற சண்டைக் கலைஞர். ஃபோர்டுக்குப் பல இடங்களில் மாற்றாக நடித்தவர் விக் ஆர்ம்ஸ்ட்ராங். இரண்டாவது படத்தில் ஃபோர்டின் முதுகு பிடித்துக்கொண்டு அவர் அறுவை சிகிச்சைக்குப் போனபோதும் ஆர்ம்ஸ்ட்ராங்கின் முதுகைக் காட்டித்தான் வேலையை ஓட்டினார்கள். இன்னொன்றும் உண்டு. இந்த வேடம் முதலில் டாம் செலக்குக்குப் போக வேண்டியது. தொலைக்காட்சித் தொடர் ஒப்பந்தம் அவரைக் கட்டிப்போட்டதால் ஃபோர்டுக்கு வந்தது. செலக் ஃபோர்டைவிட உயரம். அவர் நடித்திருந்தால் நான் வாங்கிய ஜாக்கெட்டின் கை இன்னும் நீண்டிருக்கும்.

இருந்த நீளமே எனக்குத் தாராளம். ஃபோர்டு ஆறடியைத் தாண்டியவர். நான் ஐந்தரை அடியைக் கொஞ்சம் தாண்டியவன். பார்சலைப் பிரித்துப் போட்டுப் பார்த்தபோது மார்பு சரியாக இருந்தது. தோள் மட்டும் என் தோளைத் தாண்டி வெளியே போய் நின்றது. கை விரல்களை மூடியது. முதுகு மடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் சும்மா நின்றாலே வாயைப் பிளந்தது. தைத்தவர் மேல் குற்றமே இல்லை. படத்தில் உள்ள விகிதம் ஒரு நூல் பிசகாமல் வந்திருந்தது. வந்தது ஹாரிசன் ஃபோர்டின் விகிதம், அவ்வளவுதான். வீட்டில், “அப்பா சட்டையைப் போட்ட பையன் மாதிரி இருக்கீங்க” என்றார்கள். ஐம்பதை நெருங்குகிறவனைப் பையன் என்றதற்காக நான் ஒன்றும் சொல்லவில்லை.

தோல் என்றால் சென்னையில் பெரியமேடு. சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற அந்தத் தெருக்களில் நுழைந்தால் மூக்கே வழி சொல்லும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நம் வட மாவட்டங்கள் பதனிடுகிற தோல் இங்கே கட்டுக்கட்டாகக் கைமாறுகிறது. குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே அங்கே இருந்த குரோம் தோல் தொழிற்சாலையால். ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய தோலின் காலத்துக்குப் பிறகு குரோமியம் வந்து அந்த வேலையைச் சீக்கிரமாக்கியது; தோலை மிருதுவாகவும் ஆக்கியது. அந்த மிருதுவுக்குப் பாலாறு கொடுத்த விலை வேறு கதை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும் அளவுக்கு ஆற்றுநீரும் கிணற்றுநீரும் கெட்டிருந்தன. செம்மறித் தோலின் மென்மையைப் பற்றி நான் நாலு வரி உருகியதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

ஏற்றுமதிக் கம்பெனியில் பல காலம் ஜாக்கெட் தைத்து ஓய்ந்த ஒரு பாய், மாடிப்படிக்கு அடியில் ஒரு மிஷினோடு உட்கார்ந்திருந்தார். ஜாக்கெட்டைக் கையில் வாங்கியவர் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. லைனிங்கைத் திருப்பித் தையலின் ஓரத்தை விரலால் நீவிப் பார்த்தார். பிறகுதான் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“யாருக்குத் தைச்சது சார் இது?”

“எனக்குத்தான் பாய்.”

“உங்களுக்கு இல்ல.”

படத்தின் பெயரைச் சொன்னேன். தலையாட்டினார், பார்த்ததில்லை. ஃபோன் திரையில் படத்தைக் காட்டினேன். ஆளைப் பார்க்காமல் தோள்பட்டையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

துணியைத் திருத்துவதும் தோலைத் திருத்துவதும் ஒன்றில்லை. துணியில் தையலைப் பிரித்தால் ஊசித் தடம் ஒரு சலவையில் மறைந்துவிடும். தோலில் ஊசி போட்ட ஓட்டை ஓட்டைதான். அதனால் தோலை உள்ளே பிடிக்கலாம். பிரித்து வெளியே விட முடியாது. அளவு பார்க்கக் குண்டூசி குத்தக்கூடாது. கிளிப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஊசியே வேறு, முனை குத்துவதோடு வெட்டவும் செய்யும். தைத்து முடித்த தையலை இஸ்திரி போட்டு அமுக்கவும் முடியாது. இரண்டு பக்கமும் விரித்துச் சொல்யூஷன் தடவிச் சுத்தியால் தட்டிப் படிய வைக்க வேண்டும். ஒரு தடவை கத்திரி போட்டால் போட்டதுதான். கடைசி வாக்கியத்தைப் பாய் இரண்டு முறை சொன்னார். பொறுப்பு யாருடையது என்பதை அப்படி எனக்குத் தெரியப்படுத்தினார்.

முதலில் அவர் சொன்னது எளிய வழி. “முதுகுல இந்த மடிப்பை மூடித் தைச்சிட்டா அகலம் தானா குறைஞ்சிடும். ஒரு மணி நேர வேலை.”

“மடிப்பு இருக்கணும் பாய். அதுதான் முக்கியம்.”

“எதுக்கு?”

“கையை வீசறதுக்கு. அவன் சவுக்கு வீசுவான்.”

“நீங்க வீசப் போறீங்களா?”

அதற்குப் பதில் இல்லை. ஆனால் அவரே ஜாக்கெட்டை என் மேல் மாட்டி, கையை மேலே தூக்கச் சொன்னார். முன்னால் நீட்டச் சொன்னார். மடிப்பு விரிந்து மூடுவதை என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார் போல. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “தெரிஞ்சவன் வெட்டியிருக்கான்” என்றார். அதற்குப் பிறகு மடிப்பை மூடுகிற பேச்சே வரவில்லை. விலையையும் ஏற்றினார்.

அவர் செய்தது இதுதான். கைகளை முழுதாகக் கழற்றினார். தோள்பட்டையில் அதிகமிருந்ததை வெட்டினார். பக்கத் தையலை உள்ளே பிடித்தார். அதில் கைக்குழியும் சுருங்கியது. கையை மணிக்கட்டுப் பக்கம் தொடாமல் மேல் பக்கத்தில் வெட்டி, சுருங்கிய கைக்குழிக்கு ஏற்ப வளைத்து மறுபடி பொருத்தினார். நீளமும் குறைந்தது, முனை அசலாகவே நின்றது. கைக்குழி சின்னதானதில் எனக்கு ஒரு லாபம்: கையைத் தூக்கினால் ஜாக்கெட் மொத்தமும் கூடவே மேலே ஏறி வருவதில்லை. இடுப்பு வார்களைப் பிரித்துக் கொஞ்சம் நகர்த்திப் பழைய ஊசி ஓட்டைகளை வாருக்கு அடியிலேயே ஒளித்துவிட்டார். கீழ் நீளத்தை மட்டும் ரொம்பக் குறைக்க மறுத்தார். “பாக்கெட்டு ஓரத்துல வந்து உக்காந்துக்கும். பார்க்கச் சகிக்காது.” அது அப்படியே கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கிறது.

இப்போது படத்தோடு ஒப்பிட்டு அளந்தால் ஓர் அளவும் சேராது. நகல் வேட்டைக்காரர் ஒருவரிடம் காட்டினால் நான் நல்ல ஜாக்கெட்டைக் கெடுத்துவிட்டதாகச் சொல்வார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தோள் தையல் ஃபோர்டுக்கு எங்கே உட்கார்ந்ததோ அங்கே எனக்கும் உட்கார்ந்திருக்கிறது. மடிப்பு அவருக்கு எப்போது திறந்ததோ அப்போதுதான் எனக்கும் திறக்கிறது. அளவை நகலெடுத்தபோது இல்லாத ஒற்றுமை அளவைக் கெடுத்த பிறகுதான் வந்தது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் மூன்றாவது படத்து ஜாக்கெட் இருக்கிறது. கண்ணாடிக்குள் இருக்கிற அதன் மடிப்பு இனி திறக்கப் போவதில்லை. அந்த ஒரு விஷயத்தில் என்னுடையது கொஞ்சம் உசத்தி.

பழசாக்குகிற வேலைக்குப் பாய் உடன்படவில்லை. உப்புத்தாள், கம்பி பிரஷ், ஸ்பிரிட் எல்லாவற்றையும் நான் அடுக்கினேன். நல்ல தோலைச் சுரண்டச் சொல்லிக் கேட்டு வருகிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. ஏற்றுமதிக்குத் தைத்த காலத்தில் இப்படி ஒரு கீறல் விழுந்தால் அந்த ஜாக்கெட்டைக் கழித்துக் கட்டிவிடுவார்களாம். “போட்டுட்டுத் திரிங்க சார், தானா ஆகும்” என்றார். இந்த ஊர் வெயிலில் அதற்கு எத்தனை மார்கழி வேண்டும் என்று அவர் யோசிக்கவில்லை.

படப்பிடிப்புக்காக இந்த ஜாக்கெட் நம்மை நெருங்கி வந்தது ஒரே ஒரு முறைதான். இரண்டாவது படத்தின் கதை இந்தியாவில் நடப்பது. திரைக்கதையைப் படித்த நம் அரசு இங்கே எடுக்க அனுமதிக்கவில்லை. 1983இல் இலங்கையில் கண்டி பக்கம் போய் எடுத்தார்கள். குரங்கு மூளை விருந்தெல்லாம் வைத்துப் படமெடுத்தவர்களுக்கு அனுமதி மறுத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் புழுக்கத்தில் ஃபோர்டு எப்படி அந்த ஜாக்கெட்டைப் போட்டார் என்று இப்போது யோசிக்கிறேன். அவருக்குக் ‘கட்’ சொன்னவுடன் கழற்ற ஆள் இருந்திருக்கும்.

அடுத்து தொப்பியா என்று வீட்டில் கேட்கிறார்கள். அதையும் விசாரித்து வைத்திருக்கிறேன். லண்டனின் ஹெர்பர்ட் ஜான்சன் கடையில் ‘போயட்’ என்ற பெயரில் விற்ற தொப்பிதான் அது. முகத்தில் வெளிச்சம் விழுவதற்காக விளிம்பைக் குறைத்து ஃபோர்டுக்குத் தோதாக மாற்றினார்கள். ஆக அதிலும் கத்திரி விழுந்திருக்கிறது. வாங்கலாம்தான். ஆனால் முயல்ரோமத் தொப்பியில் கத்திரி வைக்கத் தெரிந்த ஆள் பெரியமேட்டில் கிடையாது என்று பாய் சொல்லிவிட்டார்.