கடல் கடந்த வைத்தியம்

நோய் தீர ஊர் விட்டு ஊர் வருவோரைச் செங்கோட்டைக்காரர்களாகிய நாம் குற்றாலத்தில் ஆண்டுதோறும் காண்கிறோம். ஆயினும், புற்றுநோய் கண்ட நம் நண்பர் நன்செயை விற்று மெக்ஸிகோ போகத் துணிந்தபோது நமக்குப் பகீரென்றது.

ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மக்வீன் 1980-ல் அந்நாட்டில் மாற்று வைத்தியத்தை நாடினார். அவ்வாண்டே அங்கே மாண்டார். அவர் உட்கொண்ட ‘லேயிட்ரில்’ மருந்தை அமெரிக்க டாக்டர்கள் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தனர். குணம் இல்லை, சிலர் இரத்தத்தில் சயனைடு விஷமே ஏறியிருந்தது என்று 1982-ல் அறிவித்தனர்.

சகோதரியை இந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அரும்பாடுபட்டு அடையாற்றில் ஆஸ்பத்திரி கண்டது 1954-ல். இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னோம். நண்பர் பொதிகை ரயிலேறி அங்கே சென்றிருக்கிறார். ஆயுள் ஆண்டவன் சித்தம். குழந்தைகளுக்கு நிலமேனும் மிஞ்சியது.