தொடத் துணிந்த கைகள்

சத்தியவேட்டில் நான் வேலை பார்த்த பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகளும் தெலுங்குப் பிள்ளைகளும் கலந்துதான் படித்தார்கள். 1960இல் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்தோடு சேர்ந்த எல்லைச் சீமை அது. இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அந்தப் பள்ளியின் ஜூனியர் ரெட் கிராஸ் அணி என் பொறுப்பில் இருந்தது.

இரக்கத்தைப் பற்றி வகுப்பில் எவ்வளவு பேசினாலும் அது பரீட்சைத் தாளோடு போய்விடும். அணியின் கட்டுப் போடும் பயிற்சியில்தான் அது பிள்ளைகளின் கைக்கு வந்தது. முக்கோணத் துணியை மடித்து ஒருவர் கையைத் தாங்கிக் கட்டவேண்டுமானால் பக்கத்தில் போகவேண்டும், தொடவேண்டும். ஊரும் காலனியும் தனித்தனியாகக் கிடக்கும் கிராமங்களிலிருந்து வருகிற பிள்ளைகள் இவர்கள். தொடக்கத்தில் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு எட்டவே நின்றவர்கள் உண்டு. வாரந்தோறும் ஜோடியை மாற்றினேன். "இறுக்குதா? வலிக்குதா?" என்று கேட்காமல் முடிச்சுப் போடக்கூடாது என்பது எங்கள் விதி. யாரிடம் அப்படிக் கேட்டுப் பழக்கமே இல்லையோ, அவர்களிடமும் கேட்டார்கள். சமத்துவத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஒரு நாள் பிரேயரில் ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு வலிப்பு வந்தது. "சாவி எங்கே, இரும்பு கொடுங்க" என்று பெரியவர்களே கத்தினார்கள். அணிப் பிள்ளைகள் கூட்டத்தை விலக்கினார்கள். ஒருத்தி தன் தாவணியைச் சுருட்டித் தலைக்கடியில் வைத்தாள். துடிக்கும் கைகால்களை யாரும் அமுக்கிப் பிடிக்கவில்லை, வாயில் எதையும் திணிக்கவில்லை. ஒரு பையன் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐக் கூப்பிடவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அதற்குள் துடிப்பு நின்றது. ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள்.

இவ்வளவும் நான் சொல்லிக்கொடுத்தவை. சொல்லிக்கொடுக்காத ஒன்றும் நடந்தது. அந்தப் பெண்ணின் பாவாடை நனைந்திருந்தது. தாவணிக்காரி சட்டென்று தன் புத்தகப் பையை அதன்மேல் வைத்து மறைத்தாள். கண் விழித்ததும், "ஒண்ணுமில்லடி, நாங்க இருக்கோம்" என்றாள். மறுநாள் அந்தப் பெண் பள்ளிக்கு வந்தாள். வலிப்பு வந்த பிள்ளை வெட்கத்தில் படிப்பையே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அவள் வந்ததை நான் பெரிதாக நினைக்கிறேன்.

எங்கள் அணி சார்ந்த செஞ்சிலுவை இயக்கத்துக்கு வித்திட்ட ஹென்றி டுனான்ட் மருத்துவர் அல்ல, வியாபாரி. 1859 ஜூன் மாதம் சோல்ஃபெரினோ போரில் அடிபட்டுக் கிடந்தவர்களுக்குப் பக்கத்து ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தார், கட்டுப் போட்டார். எந்த நாட்டுச் சிப்பாய் என்று அவர்கள் பேதம் பார்க்கவில்லை. இந்தக் கதையைச் சொன்னபோது எங்கள் பிள்ளைகள் ஆச்சரியப்படவே இல்லை. அவர்களுக்கு அது தெரிந்த விஷயமாகத்தான் இருந்தது.

பல பள்ளிகளில் முதலுதவிப் பெட்டி தலைமை ஆசிரியர் அறை பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. காலாவதியான டிங்சரும் காய்ந்துபோன பிளாஸ்திரியுமாக. பெற்றோர்களே, அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது மார்க்கை மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதைக் கையாளப் பிள்ளைகளைப் பழக்குகிறீர்களா என்றும் கேளுங்கள்.