மோட்டாரை நிறுத்திய பிறகு

மணவாள நகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மண் கிடையாது. ஆனால் செடி உண்டு. டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பேத்தி பிவிசி குழாயில் வரிசையாக ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு வலைக் கிண்ணம் வைத்து, தேங்காய் நார்த்தூளில் முளைத்த பாலக்கையும் தக்காளியையும் அதில் இறக்கியிருக்கிறாள். கீழே ஒரு நீல டிரம். அதிலிருந்து மீன்தொட்டி மோட்டார் உரம் கரைத்த தண்ணீரை ஏற்றும். அது வேரை நனைத்துக்கொண்டு டிரம்முக்கே திரும்பிவிடும். "தண்ணியில வளர்ந்ததுக்கு என்ன ருசி இருக்கப்போகுது" என்று சொல்லிவிட்டு, கீரை மசியலை இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். அது வேறு கதை.

ஒரு நாள் பத்தரிடம் போய் அரை கிராம் வெள்ளிக் கம்பி வாங்கி வந்தாள். பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்ததும் கம்பி கறுத்தது. மேலே வெள்ளி குளோரைடு படிந்துவிட்டது, அதுதான் எலக்ட்ரோடு. ஒன்றை உப்புத்தண்ணீர் தோய்த்த பஞ்சோடு தக்காளித் தண்டில் சுற்றினாள். இன்னொன்றைக் குழாய்த் தண்ணீரில் விட்டாள். நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபயர், பிறகு லேப்டாப். "செடி உள்ள கரண்ட் ஓடுது தாத்தா, பாருங்க." திரையில் கோடு கம்பளிப்பூச்சி மாதிரி நெளிந்துகொண்டிருந்தது.

நான் 34 வருடம் ஒரு தொழிற்சாலையின் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருந்தவன். உலை 950 டிகிரியில் கொதிக்கும்போது அந்தச் சூட்டை அளக்கும் கே டைப் தெர்மோகப்பிள் தருவது சுமார் 40 மில்லிவோல்ட்தான். அந்தப் பொடி அளவோடு குடும்பம் நடத்தியவனுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. கோட்டைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன்: "அது செடி இல்லம்மா, உன் மோட்டாரு. எல்லா வேரும் ஒரே தண்ணியில நிக்குது. மோட்டார்ல கசியுற கரண்ட்டை எல்லாச் செடியும் சேர்ந்து வாங்கி உனக்குக் குடுக்குது."

அவள் முகம் சுருங்கியது. அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

1993 இருக்கும். ஐடிஐ முடித்து அப்ரன்டிஸாக வந்த பையன் ஒருவன், நைட் ஷிப்டில் என்னிடம் வந்து, "சார், மூணாம் உலை ரீடிங் அப்பப்ப ஒரு செகண்டு தொங்குது" என்றான். நான் எழுந்துகூடப் போகவில்லை. "லூஸ் காண்டாக்ட். ஸ்க்ரூவை டைட் பண்ணிட்டு வா." பண்ணிவிட்டு வந்தான். நான்கு நாளில் உலையின் ஹீட்டர் சுருள் விட்டுப்போய் ஒரு ஷிப்ட் சரக்கு முழுக்கப் பாழ். தொங்கியது ஸ்க்ரூ இல்லை, சுருள்தான் விட்டு விட்டுத் தொட்டுக்கொண்டிருந்தது. மேலிடத்தில் திட்டு வாங்கியது இப்போது மறந்துவிட்டது. மறக்காதது, அந்தப் பையன் அதன்பிறகு என்னிடம் எதையும் சொல்ல வரவில்லை என்பது.

இந்தச் செடி விஷயத்திலேயே அப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1873ல் இங்கிலாந்தில் பர்டன் சாண்டர்சன் என்ற உடலியல் அறிஞர், டார்வின் கேட்டுக்கொண்டதன் பேரில், பூச்சியைப் பிடித்துத் தின்னும் வீனஸ் ஃபிளைடிராப் செடியின் இலையில் மின் துடிப்பை அளந்தார். செடியில் இப்படி அளந்து காட்டிய முதல் ஆள் அவர்தான். 28 வருடம் கழித்து, 1901 ஜூனில், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ் லண்டன் ராயல் சொசைட்டியில் நின்று, முள்ளங்கி, டர்னிப், காலிஃபிளவர் என்று சந்தைக் காய்கறியிலும் அந்தத் துடிப்பு இருக்கிறது என்றார். குளோரோபார்ம் காட்டினால் அடங்குகிறது என்பதையும் காட்டினார். மறுத்து எழுந்தவர் யார்? அதே சாண்டர்சன்! சாதாரணச் செடிக்கு அது வராது என்றார். போஸின் கட்டுரைத் தலைப்பில் உள்ள ஒரு சொல்லையே மாற்றச் சொன்னார். போஸ் மாற்றவில்லை. கட்டுரை அச்சேறாமல் சங்கத்தின் அலமாரிக்குப் போனது. மறுவருடம் லின்னேயன் சொசைட்டியில்தான் அதற்கு வழி பிறந்தது. அதே ராயல் சொசைட்டி 1920ல் போஸை உறுப்பினராக்கிக்கொண்டது.

போஸ் தன் ஆரம்பகாலக் கருவிகளைக் கல்கத்தாவில் ஒரு தகர வேலைக்காரரை வைத்தே செய்துகொண்டவர். எங்கள் தொழில்காரர்களுக்கு அவர் மேல் தனிப் பாசம் உண்டு. ஆனால் அன்று மாடியில் நான் நின்றது சாண்டர்சன் பக்கம்.

இரண்டு நாள் கழித்து, விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது. தெருவே இருட்டு. மோட்டார் நின்றது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடியது. "தாத்தா!" என்று மேலிருந்து குரல். போய்ப் பார்த்தால் கோடு தண்ணீர் நின்ற குளம் மாதிரி படுத்திருந்தது. ஆக, மோட்டார் என்று நான் சொன்னது சரிதான். அதோடு நான் கீழே இறங்கியிருப்பேன். அவள் விடவில்லை. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி இலை நுனியில் வைத்தாள். "விளக்கு வச்ச நேரத்துல செடியைச் சுடாதேடி" என்று கீழிருந்து பாட்டி சத்தம் போட்டாள்.

முதலில் ஒன்றும் இல்லை. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பதைத் தாண்டியபோது கோடு சரியத் தொடங்கியது. அவசரமே இல்லாமல், படி இறங்குகிற வயசாளி மாதிரி, முப்பது மில்லிவோல்ட் இறங்கி அங்கேயே நின்று, சில நிமிடம் கழித்து மெல்ல ஏறியது. சுட்டது நுனியில், எலக்ட்ரோடு இருந்தது தண்டில். செய்தி அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது.

இதை வலி என்று சொல்லக் கூடாது. செடிக்கு நரம்பும் இல்லை, மூளையும் இல்லை. செல்லுக்குள் கால்சியம் புகுகிறது, குளோரைடும் பொட்டாசியமும் வெளியேறுகின்றன, அந்த மாற்றம் அடுத்த செல்லைத் தட்டுகிறது. அவ்வளவுதான். தொல்காப்பியர் ஓரறிவு என்று அன்றே சொல்லிவிட்டார் என மேடையில் முழங்குபவர்கள் முழங்கட்டும். தொடு உணர்வு உண்டு என்பது ஒன்று, எத்தனை மில்லிவோல்ட், எத்தனை நொடி என்று காட்டுவது வேறு. 1992ல் தக்காளி நாற்றிலேயே இன்னும் ஒன்றைக் கண்டார்கள்: ஒரு இலையில் காயம் பட்டால் இந்த மின் செய்தி மற்ற இலைகளுக்குப் போய், புழுவின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதத்தை அங்கே முன்கூட்டியே சுரக்க வைக்கிறது.

கரண்ட் வந்ததும் கோடு மறுபடி கம்பளிப்பூச்சியானது. செடி பேசுவதை நிறுத்தியிருக்காது. எங்களுக்குக் கேட்காமல் போனது.

அவளிடம், "நான் சொன்னதுல பாதி தப்பும்மா" என்றேன். "பாதி சரி தாத்தா" என்றாள். இப்போது நோட்டில் தேதி, நேரம், மில்லிவோல்ட் எழுதுவது என் வேலை. அந்த அப்ரன்டிஸ் பையனுக்கு இன்று ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். எங்கே இருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இதைச் செய்து பார்க்க ஆசைப்பட்டால் பெரிய செலவில்லை, வெள்ளிக் கம்பி அரை கிராம் போதும். அளக்கும்போது ஒரு பதினைந்து நிமிடம் மோட்டாரை நிறுத்தி வையுங்கள். வேர் காய்ந்துவிடாது.