நான் மிதித்த முருகைக்கல்



"நான் மேற்கொண்ட ஒரு சுற்றுலா" என்ற தலைப்பைக் கண்டதும் உங்களுள் பலர் ஒரே கட்டுரையைத்தான் எழுதுகிறீர்கள். அதிகாலையில் எழுந்தோம், பஸ்ஸில் பாட்டுப் பாடினோம், இயற்கை அழகில் மெய்மறந்தோம், களைப்புடன் வீடு திரும்பினோம் என்று அது முடியும். அதில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பயணத்தைப் போகாதவரும் அதை எழுதலாம். ஆகவே இம்முறை மாதிரிக் கட்டுரைக்குப் பதிலாக எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் வவுனியாவில் பிறந்து வளர்ந்தவள். குளங்களை அறிவேன், கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. ஆயினும் பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் புவியியல் வகுப்பில் முருகைக் கற்பாறைகளைப் பற்றிக் குறிப்புச் சொல்லி வருகிறேன். "பொலிப் எனப்படும் சிறிய கடற்பிராணிகள் சுரக்கும் கல்சியங் காபனேற்றினால் இவை உருவாகின்றன. அப்பிராணிகளின் உடலினுள் வாழும் நுண்ணிய அல்காக்கள் ஒளித்தொகுப்புச் செய்து அவற்றுக்கு உணவளிக்கின்றன. ஆதலால் தெளிந்த, ஆழமற்ற, இளஞ்சூடான நீரிலேயே இவை நன்கு வளரும்." நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன்.

சென்ற ஆண்டு யூலை மாதம், எங்கள் கல்வி நிலையத்தில் கற்பிக்கும் நாங்கள் ஆறு பேர் திருகோணமலைக்கு வடக்கேயுள்ள நிலாவெளிக்குச் சென்றோம். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கொந்தளிக்கும் கிழக்குக் கடல், தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாத்தீவு தெரிந்தது. மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் வந்த பெயர். 1963இல் சரணாலயமாக்கப்பட்ட இத்தீவு, 2003இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

நுழைவுச்சீட்டுப் பெற்று, உயிர்காப்பு அங்கி அணிந்து படகில் ஏறினோம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீவு வந்தது. கரை முழுவதும் வெள்ளை வெள்ளையாக முருகைக்கல் துண்டுகள். உங்களுக்குக் காட்டலாம் என்று ஒரு துண்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பின்னர் முகக் கண்ணாடியையும் சுவாசக் குழாயையும் மாட்டிக்கொண்டு நீரில் முகத்தை வைத்தேன். மான் கொம்புகளைப் போலக் கிளைவிட்ட முருகைக்கற்கள், அவற்றினிடையே மஞ்சளும் நீலமுமாக மீன்கள். கிளிமீன்கள் கல்லைக் கொறிக்கும் சத்தம் காதில் கேட்டது. துடுப்பு நுனி கறுத்த சிறிய சுறா ஒன்று என்னைப் பொருட்படுத்தாமல் போனது.

அவ்வேளை குழாயினுள் உப்புநீர் புகுந்துவிட்டது. மூச்சு முட்டியது. அங்கி என்னைத் தாங்கும் என்பதை மறந்து, காலை ஊன்றி எழுந்து நின்றேன். காலடியில் ஏதோ நொறுங்கியது.

"பிள்ளை, அதில கால் வைக்காதேங்கோ! அது உயிரோட இருக்கு!" என்று படகோட்டி ஐயா கத்தினார்.

மாணவர்களே, அவர் சொன்னது என் குறிப்பில் உள்ள அதே வசனம். நான் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்த வசனம். ஆனால் என் கால் அதைக் கல் என்றே நினைத்திருந்தது. உடைந்தது ஒரு விரலளவுக் கிளை. இவ்வகை முருகைக்கல் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றரே வளரும். நீங்கள் தரம் 10இலும் 11இலும் படிக்கும் இரண்டு ஆண்டுகளில் வளர்ந்ததை நான் ஒரு நொடியில் முறித்துவிட்டேன்.

கரைக்கு வந்தபின் ஐயா கோபிக்கவில்லை. "பயம் வந்தா மல்லாந்து மிதக்கோணும், நிக்கக்கூடாது. இது இருந்தாத்தான் மீன் குஞ்சு தங்கும். மீன் இருந்தாத்தான் நாங்கள்" என்றார். இன்னும் ஒன்றை நான் யோசித்தேன். 1998இல் கடல் வழமையைவிடச் சூடானபோது அல்காக்கள் வெளியேறி, இலங்கையின் பல முருகைக் கற்பாறைகள் வெளிறிப்போயின. தென்மேற்குக் கரையில் முருகைக்கல் அகழப்பட்ட இடங்களில் 2004 சுனாமி கூடுதலாக உட்புகுந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். இவற்றையும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கேடு செய்பவர் வேறு யாரோ என்ற எண்ணத்துடன்தான் சொல்லியிருக்கிறேன்.

தேசிய பூங்காவிலிருந்து எதையும் எடுத்துச் செல்லக்கூடாது. பையில் வைத்த துண்டைக் கரையிலேயே திரும்ப வைத்துவிட்டுப் படகேறினேன்.

இப்போது கட்டுரைக்கு வருவோம். "ரீச்சர், நாங்கள் எங்கேயும் போனதில்லையே" என்று சிலர் கேட்பீர்கள். சந்தைக்கோ, வைத்தியசாலைக்கோ, அம்மம்மா வீட்டுக்கோ போனதும் பயணம்தான். அங்கே நீங்கள் எதைப் பிழையாக நினைத்திருந்தீர்கள், எந்த இடத்தில் அது உங்களுக்குத் தெரியவந்தது என்று யோசியுங்கள். அதை நடந்தபடியே எழுதுங்கள். உங்கள் பிழையையும் எழுதுங்கள். அதற்காகப் புள்ளி குறையாது.

அடுத்த வகுப்பில் முருகைக்கல் பாடம். காட்டுவதற்குத் துண்டு கொண்டுவரவில்லை. உடைத்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.